முதல் மிடறு காமாரியாவுக்கு

பினாங்கில் சூலியா ஸ்திரீட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்தை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம். காதர் கடைச் சூரணமாகட்டும், ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்புத் தண்ணீராகட்டும், சீனர் கடை வேராகட்டும், முதல் வேளையைக் காமாரியாவின் கையால்தான் புகட்ட வேண்டும். அவள் வைத்தியக்காரி இல்லை. பச்சிலைக்கும் பசலைக்கும் வித்தியாசம் கேட்டால் சிரித்துவிடுவாள். கைராசிக்காரி என்று பேர், அவ்வளவுதான். அந்தப் பேருக்காக மழையிலும் குடை பிடித்துக்கொண்டு தாய்மார்கள் வந்து நின்றார்கள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. மருந்தை ஊற்றியதும் பிள்ளையின் வாயில் வைக்க மாட்டாள். முதல் மிடறு அவளுக்கு. கண்ணை மூடி வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்குவாள். எவ்வளவு கசந்தாலும் முகம் சுளிக்க மாட்டாள். அதன் பிறகுதான் பிள்ளைக்கு. ராசி கையில் இல்லை, எச்சிலில்தான் இருக்கிறது என்று சிலர் கண்டுபிடித்தார்கள். வாய்க்குள் ஏதோ ஓதுகிறாள் என்றார்கள் சிலர். நாலு வீட்டில் பெண்கள் தாங்களும் அப்படிக் குடித்துப் பார்த்து, ஒருத்திக்கு வயிற்றைப் புரட்டியதுதான் மிச்சம். ஏன் குடிக்கிறாய் என்று கேட்டால், "சும்மாலா, ருசி பாக்கறேன்" என்பாள். முப்பத்தெட்டாம் வருடம் அவள் மவுத்தாகும்வரை அதற்குமேல் ஒரு சொல் யாருக்கும் சொன்னதில்லை.

சனங்களைப் போல மறதிக்காரர்கள் உலகத்தில் கிடையாது. இதே கையை இதே தெருக்காரர்கள் தொட அஞ்சிய காலம் ஒன்று இருந்தது.

காமாரியாவின் அத்தா முகம்மது கனி, துறைமுகத்தில் தொங்காங் தண்டல். கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் பெரிய படகுக்குத் தொங்காங் என்று பேர். அதில் வேலை செய்கிறவர்களுக்குத் தலைவர் தண்டல். மனிதர் பிறந்தது அபிராமத்தில். ராமநாதபுரத்துச் சீமையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பூமி. அங்கிருந்து வந்தவருக்குப் பிழைப்பு முழுக்கத் தண்ணீரில் அமைந்தது. பினாங்கிலேயே பிறந்த சலேஹாவைக் கட்டினார். ஒரே பெண் காமாரியா. அவளைக் கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு மளிகைக்கடை வீட்டில் கொடுத்தார்கள்.

தலைப்பிள்ளை நாற்பது நாள்கூடத் தாங்காமல் போய்விட்டது. இரண்டாவது உட்காரப் பழகும்வரை இருந்தது. பிறகு புருஷனுக்குக் காட்டுக் காய்ச்சல் வந்தது; அவள்தான் கஞ்சி புகட்டினாள், மருந்து கொடுத்தாள், அவனும் போனான். மாமியார் வீட்டில் யாரும் போய்விடு என்று சொல்லவில்லை. அவள் மொண்டு வைத்த தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தினார்கள். எந்தப் பானையில் அவள் கை பட்டது என்று பார்த்துப் பார்த்து வேறு பானையில் மொண்டுகொண்டார்கள். ஏன் என்று கேட்க அவளுக்கு வாயும் இல்லை, அதற்குமேல் அங்கே இருக்க மனமும் இல்லை. படகேறி அத்தா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அடுத்த வீட்டு ஹபீபா பீவியின் மருமகளுக்குப் பிள்ளை பிறந்தபோது ஆசையாய்ப் போய் எடுத்தாள். ஹபீபா பீவி நல்ல மனுஷிதான், ஆனாலும் பயம் யாரை விட்டது? "குளிப்பாட்டணும்லா, குடு" என்று வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் குளித்துப் பவுடர் மணத்துடன் இருந்தது பிள்ளை. மவ்லூதுக்குக் கந்தூரிச் சோறு ஆக்கினால், காமாரியாவைப் பின்கட்டில் வெங்காயம் உரிக்க விட்டார்கள். அரிசிப் பக்கம் அண்ட விடவில்லை. அவள் கைகளைச் சாலுவைக்குள் ஒளித்து வைத்துக்கொள்ளப் பழகினாள். இருபத்து மூன்று வயதுப் பெண் தன் கைகளைத் திருட்டுப் பொருளைப் போல மூடிக்கொண்டு தெருவில் நடந்தாள். நினைத்தால் வயிறு எரிகிறது.

முகம்மது கனி பேசிப் பழகாதவர். கடலில் கத்திக் கத்தி வீட்டில் பேச்சு மிஞ்சவில்லை என்பாள் சலேஹா. ஆனால் கண் இருந்தது, பார்த்தார்.

அவருக்குச் சில வருடங்களாக நீரிழிவு. மலாய்க்காரர்கள் கெஞ்சிங் மானிஸ் என்பார்கள். சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் வியாதி இன்னதென்று தெரிந்துவிடும். அதற்கு அவர் குடித்தது ஆவாரம்பூக் கஷாயம். அபிராமத்துப் பக்கம் கண்மாய்க் கரையிலும் பொட்டலிலும் யாரும் விதைக்காமல் தானே முளைத்து, ஆடுமாடு சீந்தாமல், மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் செடி அது. பினாங்கு மழைக்கு அது ஆகாது. மருந்துக்கடை அப்துல் காதர் ஒருமுறை விதை தருவித்துச் சட்டியில் போட்டுப் பார்த்தார். முளைத்தது, வேர் அழுகிச் செத்தது. ஆகவே காய்ந்த பூவாகத்தான் நாகப்பட்டினத்துக் கப்பலில் மூட்டை மூட்டையாய் வந்தது. காமாரியா அந்தச் செடியைக் கண்ணால் கண்டதில்லை. அவளுக்குத் தெரிந்த ஆவாரை, பொட்டலத்துக்குள் நொறுங்கிக் கிடக்கும் மஞ்சள் இதழ்தான்.

கஷாயத்தை இறக்குவது கனியே. பெண்டாட்டியைக்கூட நம்ப மாட்டார். ஒருநாள் காலை ஹபீபா பீவி தேங்காய்த் துருவி கேட்டு வந்து நின்ற நேரமாகப் பார்த்து, அவர் சட்டியை எடுத்து மகள் முன்னால் வைத்தார்.

"இனிமே என் கசாயத்த காமாரியாதான் போடணும். வேற யாரு கை பட்டாலும் நான் குடிக்க மாட்டேன்."

சலேஹா திகைத்தாள். ஹபீபா பீவி துருவியை மறந்துவிட்டுப் போனாள். காமாரியா சட்டியை அவர் பக்கமே தள்ளினாள். வேண்டாம் அத்தா, நீங்களாவது இருக்க வேண்டும் என்று அழுதாள். அவர் காது கேளாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். அன்றிலிருந்து அதுவே வாடிக்கை ஆயிற்று. வீட்டுக்கு யார் வந்தாலும் இடுப்பிலிருந்த பச்சை வாரைத் தட்டிக் காட்டுவார்: பார், சதை பிடித்து ஒரு துளை தளர்ந்திருக்கிறது, எல்லாம் என் மகள் கை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர் இதை மட்டும் அலுக்காமல் சொன்னார். தெரு நம்பவில்லை. ஆனால் கவனித்தது. அவர் பிழைத்தால் அவள் கைக்கு விடுதலை, அவர் படுத்தால் அவள் வாழ்நாளுக்கும் அந்தப் பேர்தான் என்பது காமாரியாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் எம்டன் வந்து சேர்ந்தது. பின்னாளில் பொல்லாத ஆளை எம்டன் என்று சொல்லிப் பழகினோமே, அந்த ஜெர்மன்காரன் கப்பல். பதினாலாம் வருடம் வங்காள விரிகுடாவில் புகுந்து, கண்ட கப்பலையெல்லாம் மூழ்கடித்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வரவில்லை. துறைமுகம் வெறிச்சோடியது, தொங்காங்குகள் கட்டிக் கிடந்தன, கனி வீட்டோடு இருந்தார். காதர் கடையில் வெற்றிலைப் பாக்கிலிருந்து வெந்தயம்வரை விலை ஏறியது. ஆவாரம்பூ மட்டும் விலை ஏறவில்லை. ஏற இருந்தால்தானே? டின்னைத் தலைகீழாகத் தட்டிக் காட்டிவிட்டார் காதர்.

வீட்டிலிருந்ததை அவள் குறைத்துக் குறைத்துப் போட்டுப் பார்த்தாள். பொட்டலத்தில் தூள்தான் மிஞ்சியது. அத்தாவிடம் சொல்ல வாய் வரவில்லை. மருந்து நின்றால் வியாதி ஏறும், ஏறினால் போய்விடுவார் என்று அவள் மனது திரும்பத் திரும்ப அதையே சொன்னது.

தஞ்சோங் தோக்கோங்கில் ஒரு சொந்தக்காரியைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், நார்தாம் ரோட்டு பங்களா ஒன்றின் மதில்மேல் ஒரு செடி சாய்ந்திருந்தது. கொத்துக் கொத்தாய் மஞ்சள் பூ. கீழே உதிர்ந்து வாடிக் கிடந்ததை எடுத்துப் பார்த்தாள். இதழில் அதே மஞ்சள், அதே பழுப்பு நரம்பு. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இங்கேயும் அல்லாஹ் இதை வைத்திருக்கிறான், நம் ஆட்களுக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தாள். சாலுவை நிறையப் பறித்துக்கொண்டாள்.

பின்கட்டில் வெயில் காட்டிய நேரமெல்லாம் காய வைத்தாள். காய்ந்ததைப் பழைய பொட்டலத் தூளோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாயில் போட்டுப் பார்த்திருக்கலாம். யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் செய்திருப்பார்கள். அவள் செய்யவில்லை. கை ராசியில்லாதவளுக்கு வாய் மட்டும் ராசியாக இருக்குமா? தன் எச்சில் பட்டு அத்தாவின் மருந்து கெட்டுவிடும் என்று பயந்தாள். இத்தனை மாதமும் அவள் அந்தக் கஷாயத்தை ஒரு சொட்டு நாக்கில் வைத்தவள் இல்லை.

முதல் நாள் கஷாயம் கறுத்து இறங்கியது. புதுப் பூ அப்படித்தான் இறங்கும் என்று நினைத்து, கிண்ணத்தை நீட்டிவிட்டுக் கதவோரம் நின்றாள். கனி ஒரு வாய் எடுத்தார். விழுங்கவில்லை. தெருவைப் பார்த்தபடி வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு விழுங்கினார்.

"காதர் கடைதானா?"

"ஆமாத்தா. டின்னுக்கு அடியில கொஞ்சம் கிடந்துச்சாம்."

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மீதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வழக்கம்போலக் கிண்ணத்தைக் கவிழ்த்தார். "நல்லாருக்கு. இன்னிக்குக் கொஞ்சம் கெட்டியா எறக்கிருக்க. இப்படியே போடு" என்றார். காமாரியாவுக்கு உயிர் வந்தது. அன்று மாலை சாலுவைக்குள் கையை ஒளிக்காமல் வாசலில் நின்றாள்.

அதன்பிறகு அவர் பின்கட்டுக் கக்கூசுக்கு அடிக்கடி போனார். கேட்டால், வேலையில்லாத வயிறு, மீன் சேரவில்லை என்றார். கண்ணுக்குக் கீழே கறுத்தது. ஆனால் வாரைத் தட்டிக் காட்டுவதை விடவில்லை. துளை தளர்ந்த இடத்திலேயே இருந்தது.

அந்த நாட்களில் ஹபீபா பீவிக்கும் எறும்பு தென்பட்டது. ஊரெல்லாம் ஆவாரம்பூ இல்லை, கனி அண்ணன் வீட்டில் மட்டும் மணக்கிறதே என்று ஒரு காலையில் குவளையோடு வந்துவிட்டாள். ஒரு வாய் போதும் என்றாள். காமாரியாவுக்கு நம்ப முடியவில்லை. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து திரும்பிய பிறகு ஒருவர் அவள் கையிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்க வந்தது அதுதான் முதல் தடவை. குவளையை வாங்கி, அத்தாவுக்கு வைத்திருந்த கிண்ணத்தை அவசரமாய்ச் சாய்த்தாள்.

கனி எழுந்து வந்து கிண்ணத்தைப் பிடுங்கினார். கொதிக்கக் கொதிக்க அப்படியே குடித்தார். உதடு வெந்து சிவந்தது.

"எனக்கே பத்தல. உங்களுக்கு வேற எதாச்சும் பாத்துக்குங்க."

ஹபீபா பீவி அவமானப்பட்டுப் போனாள். ஒரு வாய் மருந்துக்கு ஒரு மனுஷன் இப்படியா என்று தெருக்கோடிவரை சொன்னாள். சலேஹாவுக்குத் தலை காட்ட முடியவில்லை. காமாரியாவுக்கு வந்த கோபம் அழுகையாகப் போயிற்று. கேட்டு வந்த ஒரே ஒருத்தியையும் விரட்டிவிட்டாரே என்று அன்று முழுக்க அத்தாவோடு பேசவில்லை. அவரும் சமாதானம் சொல்ல வரவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு விடியற்காலை துறைமுகத்தில் பீரங்கி வெடித்தது. எம்டன் பினாங்குக்கே வந்துவிட்டது. வீடுகள் அதிர்ந்தன. தொங்காங்கில் படுத்திருக்கும் தன் ஆட்களை நினைத்து, கனி செருப்பில்லாமல் ஓடினார். ரஷ்யாக்காரன் போர்க்கப்பல் மூழ்குவதை ஊரே கரையில் நின்று பார்த்தது. கனியின் ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் காலில் மட்டும் ஒரு ஆணி ஏறியிருந்தது.

நீரிழிவுக்காரர் காலில் ஏறிய ஆணி. சொல்லவும் வேண்டுமா? புண் ஆறாமல் கறுத்து மேலே ஏறியது. ஆஸ்பத்திரியில் காலை எடுக்க வேண்டும் என்றார்கள். கால் இல்லாத தண்டல் எதற்கு என்று வந்து படுத்துவிட்டார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான். இது எம்டன்காரன் வைத்த ஆணி. மகள் மருந்து இல்லையென்றால் இந்த ஆணிக்கு முன்னாலேயே போயிருப்பேன். காய்ச்சலில் பிதற்றும்போதும் அதையே பிதற்றினார். ஆட்கள் சூழ இருக்கும்போது கஷாயம் கேட்பார்; எல்லாரும் பார்க்க அவள் கையால் வாங்கிக் குடிப்பார்.

கடைசியில் ஹபீபா பீவியைக் கூப்பிட்டனுப்பினார். அன்றைக்கு நடந்ததை மன்னித்துவிடும்படி கேட்டார். அவள் அழுதுவிட்டாள்.

"பேரப்புள்ளைக்கு எதாச்சும்னா எம்மக கையால குடுங்க. எனக்கு வாக்குக் குடுங்க."

வாக்குக் கொடுத்தாள். மறுநாள் அவர் மவுத்தானார். துறைமுகத்துத் தொங்காங்காரர்கள் அத்தனை பேரும் தோள் கொடுத்துக் கொண்டுபோனார்கள். எம்டன் கொன்றுவிட்டது என்றே ஊர் பேசியது. காமாரியாவின் கையை ஒருவரும் சொல்லவில்லை. குளிப்பாட்டும் முன் வாரை அவிழ்த்தபோது, இடுப்பைச் சுற்றி ஒரு பழைய சாரோங்கை மடித்து மடித்துச் சுற்றியிருந்ததாகச் சலேஹா பிற்பாடு சொன்னாள். குளிருக்குச் சுற்றியிருப்பார் பாவம் என்றாள்.

கொஞ்ச நாளில் ஹபீபா பீவியின் பேரனுக்கு மாந்தம் கண்டது. செத்துப்போனவருக்குக் கொடுத்த வாக்கு. பயந்து பயந்துதான் தூக்கி வந்தாள். காமாரியாவும் பயந்து பயந்துதான் புகட்டினாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. பிள்ளைகள் பாதி தாமாகவே பிழைக்கும், அது யாருக்குத் தெரியும்? கனி சொன்னது சரிதான் என்று ஹபீபா பீவி தெருக்கோடிவரை சொன்னாள். கெட்ட பேர் எந்த வாய்களில் ஏறி வந்ததோ அதே வாய்களில் நல்ல பேரும் ஏறியது. வாசலுக்குப் பிள்ளைகள் வரத் தொடங்கின.

எம்டனை எங்கோ தெற்கே அடித்து வீழ்த்திவிட்டார்கள் என்று செய்தி வந்து, நாகப்பட்டினத்துக் கப்பல்களும் பழையபடி வர ஆரம்பித்தன. காதர் கடையில் ஆவாரம்பூ இறங்கிய அன்றே ஹபீபா பீவி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தாள். உங்கள் அத்தாவுக்குப் போட்ட மாதிரியே எனக்கும் போட்டுக் கொடு என்று சொல்லிவிட்டு, முன்கட்டில் சலேஹாவோடு பேச உட்கார்ந்தாள்.

காமாரியா பொட்டலத்தைப் பிரித்தாள். மணம் வேறாக இருந்தது. மறந்துபோயிருப்போம் என்று நினைத்துக்கொண்டு கொதிக்க வைத்தாள். நிறமும் வேறாக இறங்கியது. கலங்கல் இல்லாமல் தெளிவாக, தேயிலை நிறத்தில். ஊர் கொடுத்த பேர் கொஞ்சம் தைரியத்தையும் கொடுத்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்தாள். லேசான துவர்ப்பு. பாக்கு மென்ற மாதிரி. தொண்டையில் இறங்கியபிறகு ஒரு தித்திப்புக்கூட இருந்தது. குடிக்கச் சிரமமே இல்லாத மருந்து.

அலமாரி ஜாடியில் நார்தாம் ரோட்டுப் பூ இன்னும் இருந்தது. அதையும் ஒரு பிடி அள்ளிக் கொதிக்க வைத்தாள். ஒரு வாய் எடுத்தாள். எடுத்த வேகத்தில் அடுப்படியில் துப்பினாள். குமட்டலும் காறலுமாய் நாக்கு மரத்துப்போனது. மறுபடி எடுத்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். பாதிக் கிண்ணம் தாண்ட முடியவில்லை. குடலைப் பிடித்து இழுத்தது.

அபிராமத்து மனிதர். வருடக்கணக்காக இந்தத் துவர்ப்பைக் குடித்தவர். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டிருக்கும். தெரிந்துதான் தெருவைப் பார்த்துக்கொண்டு அப்படி உட்கார்ந்திருந்தார். தெரிந்துதான் ஹபீபா பீவியின் வாய்க்குப் போக இருந்ததைப் பிடுங்கித் தன் வாய் வெந்தாலும் பரவாயில்லை என்று குடித்தார். அடுத்தவர் குடிக்கக் கூடாது என்று தெரிந்ததை, தினமும் கேட்டு வாங்கி, நல்லாருக்கு என்று சொல்லிக் குடித்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொட்டியிருப்பாளே. சொன்னால் அந்தக் கை மறுபடி சாலுவைக்குள் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆணி கொன்றதா, இது கொன்றதா என்று இனி யார் சொல்ல முடியும்? காமாரியா அடுப்படியில் உட்கார்ந்து சாலுவையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

முன்கட்டிலிருந்து ஹபீபா பீவி, ஆயிற்றா என்று குரல் கொடுத்தாள். போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று காமாரியா எழுந்தாள். சொன்னால் நெஞ்சு பாரம் இறங்கும். ஆனால் அத்தா தன் உடம்பை உருக்கி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன பேர் அது. அதைத் தூக்கியெறிய அவளுக்கு மனம் வரவில்லை. ஜாடியிலிருந்ததைச் சாக்கடையில் கொட்டினாள். முகத்தையும் கையையும் கழுவினாள். நல்ல கஷாயத்தைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு போய், ஹபீபா பீவி பார்த்துக்கொண்டிருக்கவே முதல் மிடற்றைத் தான் குடித்து, வாயில் வைத்திருந்து, விழுங்கிவிட்டு நீட்டினாள்.

ஹபீபா பீவி ஆற அமரக் குடித்தாள். நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"எவ்வளவு நல்லாருக்குலா. அதான் உங்கத்தா அன்னிக்கு எனக்கு ஒரு வாய்கூட விடல."

காமாரியா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"ஆமா மாமி," என்றாள். "யாருக்கும் விடல."